வெள்ளை எங்கே நிற்கிறது?

பில்லியர்ட்ஸ் மேசை போட்டுப் பிழைப்பவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வண்ணப் பந்து குழியில் விழுந்ததும் கை தட்டுகிறவன் வேடிக்கை பார்க்க வந்தவன், வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறதென்று பார்க்கிறவன்தான் ஆட வந்தவன்.

நாள் முழுக்க நின்றுகொண்டே சம்பாதிக்கிற சகோதர சகோதரிகளே, கால் வீக்கமும் ஜெனரேட்டர் புகையும் உங்களுக்கும் பழக்கம்தான். நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? யாங்கோன் தாமுவேயில், மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், எங்களுக்கு மூன்று மேசைக் கடை. கவுண்டரில் நான், மேசையில் என் வீட்டுக்காரர். அவர் பெயர் தங்கவேல். தங்கத்துக்குப் பர்மிய மொழியில் ஷ்வே என்று பெயர், அதனால் கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் கோ ஷ்வே, அதாவது ஷ்வே அண்ணன். நான் எல்லோருக்கும் ‘அமா’, அதாவது அக்கா. மேசைத் துணியைத் துலக்குவது, பந்து கழுவுவது, முக்கோணச் சட்டத்தில் பந்து அடுக்குவது, பந்தடிக்கிற கோலின் நுனியில் தேய்க்கிற சாக்கட்டியை ஜேபியில் போட்டுக்கொண்டு போகிறவனைக் கூப்பிட்டுத் திட்டுவது, எல்லாம் என் வேலை. கோலை மட்டும் நான் கையில் எடுத்ததே இல்லை.

இதில் சிரிப்பும் உண்டு. ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரையும் ஏமாற்ற எனக்கு மனசில்லை. இது என் வீட்டுக்காரருக்குக் கண் போன கதை. நாங்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனது. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது நிற்குமா, அதுவும் போய்விடுமா என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் காலையும் மாலையும் பேச்சு.

வெற்றிலை மேல் நிறுத்து

கோ மின் என்று ஒரு டாக்சிக்காரர் எங்கள் வாடிக்கை. நல்ல மனுஷர், ஆனால் கோலைக் கையில் எடுத்தால் கோடாலி எடுத்த மாதிரி அடிப்பார். பந்து விழும். பின்னாலேயே வெள்ளையும் விழும். விழாவிட்டால் மேசையைச் சுற்றி ஓடி, மற்றப் பந்துகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஒருநாள் அவரே வெட்கப்பட்டு, “கோ ஷ்வே, எனக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க” என்றார். என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? வாசல் கடையிலிருந்து ஒரு வெற்றிலையை வாங்கிவந்து மேசை மேல் வைத்தார். “பந்து விழுதா இல்லையாங்கிறதை மறந்துடுங்க. வெள்ளை இந்த இலை மேல வந்து நிக்கணும். அவ்வளவுதான்” என்றார். நடுவுக்குக் கீழே தட்டினால் வெள்ளை முட்டின இடத்திலேயே நிற்கும், இன்னும் கீழே தட்டினால் பின்னால் வரும், மேலே தட்டினால் முட்டின பிறகும் முன்னால் போகும். அடி எவ்வளவு மெதுவோ அவ்வளவுக்குப் பேச்சுக் கேட்கும். இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

எனக்கு வயிற்றெரிச்சல். நேற்றுத்தான் மாற்றின புதுத் துணி! ஈர வெற்றிலையை வைத்தால் கறை பிடிக்காதா? “அறிவிருக்கா உங்களுக்கு?” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அதற்குள் கறை பிடித்தாகிவிட்டது, இன்றைக்கும் இருக்கிறது. அப்புறம் வெற்றிலைக்குப் பதில் காகிதத்தை வட்டமாக வெட்டிக் கொடுத்தேன். கோ மின் வாரக்கணக்கில் அந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்டினார். கடைசியில் ஒருநாள் வெள்ளை உருண்டு வந்து, காகிதத்தின் மேல் ஏறி, அப்படியே நின்றது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “அமா, என் டாக்சியைக்கூட நான் இவ்வளவு கவனமா நிறுத்தினதில்லை.”

வோல்டேஜ் சரியில்லை

அதற்கப்புறம் ஒரு மழைக்காலத்தில் இவர், “மல்லி, லைட்டு மங்கலா இருக்குடி” என்று ஆரம்பித்தார். யாங்கோனில் லைட் மங்கலாக இருக்கிறதென்று சொன்னால் யாராவது சந்தேகப்படுவார்களா? நீங்கள் பட்டிருப்பீர்களா? கரண்ட் வருவதே அதிசயம், வந்தாலும் பாதி உயிரோடுதான் வரும். குளிர்ப்பெட்டி முனகும், மின்விசிறி கிழவன் மாதிரி சுற்றும். அதனால் நான் பல்பை மாற்றினேன். இரண்டாம் நாள், “இன்னும் மங்கலாத்தான் இருக்கு” என்றார். பெரிய பல்பாகப் போட்டேன். மேசைக்கு மேல் விளக்கை ஒரு முழம் இறக்கிக் கட்டினேன், உயரமான ஆட்கள் எல்லாம் தலையில் இடித்துக்கொண்டு என்னைச் சபித்தார்கள். அதுவும் போதாதென்று, வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல, சண்டை போட்டு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினேன். அன்றைக்கு மட்டும், “இப்பப் பரவால்ல” என்றார். என் மனசு நோகக் கூடாதென்று சொன்னார் என்பது இப்போதுதான் புரிகிறது.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு எங்கள் சந்துக்கு ஜெனரேட்டர் லைன் கொடுப்பவர் ஊ தெய்ன். வயசானவர், அதனால்தான் பெயருக்கு முன்னால் ‘ஊ’. அவரிடம் போய் என் வாயை எல்லாம் காட்டினேன். டீசலில் தண்ணீர் கலக்கிறீரா, எங்கள் கடைக்கு மட்டும் கரண்டைக் குறைத்து அனுப்புகிறீரா என்று கேட்டேன். பாவம் மனுஷர், மீட்டரை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே கடைக்கு வந்து, ஒவ்வொரு விளக்காக அளந்து காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. இவர் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்து, “இல்லையே, மங்கலாத்தானே இருக்கு” என்றார். ஊ தெய்ன் மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: “மா மல்லிகா, இனிமே சூரியனைத்தான் கொண்டுவந்து இங்க தொங்கவிடணும்.”

கூப்பிட்டால் வரும் பந்து

அதே சமயத்தில்தான் இவருடைய ஆட்டம் மாறியது. முன்னெல்லாம் மேசையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நீளமாக அடித்து ஆளைக் கிறங்க வைப்பார். இப்போது நீள அடியே கிடையாது. மெதுவாக ஒரு தட்டு, வெள்ளை அடுத்த பந்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அங்கிருந்து இன்னொரு மெதுவான தட்டு. அதிலும் ஒரு விசேஷம்: எப்போதும் அடுத்த பந்து அவருக்கு வலப்பக்கம் இருக்கும்படியே வெள்ளையை நிறுத்துவார். அதற்காக மேசையைச் சுற்றி ஒரு நடை கூட நடப்பார். பார்க்கிறவர்களுக்குப் புல்லரித்துப் போகும். பக்கத்துப் பேட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை, போங்கள். வருகிறவர்களிடமெல்லாம், “பார்த்தீங்களா, வயசாக வயசாகத்தான் ஆட்டம் பழுக்குது” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் கடையில் இவருக்குச் சரியான ஜோடி சுலைமான் பாய். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில்வே பக்கம் மோட்டார் உதிரிபாகம் விற்கிறவர், எங்களைப் போலவே தமிழ் ஆள், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இவரோடு ஆடி வருகிறவர். இந்தப் புது ஆட்டத்தில் தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்தார். ஒருநாள் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாயைப் பிளந்து நின்று சொன்னார்: “தங்கவேலு, நீ இப்பப் பந்தை அடிக்கலடா, கூப்பிடுறே. அதுவும் வந்துருது.”

கரண்ட் போனால் வாயால் சொல்

எங்கள் கடைக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் கரண்ட் போனால் கும்மிருட்டு. ஊ தெய்ன் ஜெனரேட்டரை இழுத்துக் கிளப்புகிற வரைக்கும் இருட்டில் நிற்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் ஒரு யோக்கியன் விரலால் வெள்ளையை நகர்த்தி வைத்து, கடையில் அடிதடி ஆகிவிட்டது. அதிலிருந்து நாங்கள் ஒரு சட்டம் வைத்தோம். விளக்கு அணைந்ததும் எல்லோரும் மேசையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாருடைய முறையோ அவர், வெள்ளை எங்கே நிற்கிறது, மற்றப் பந்துகள் எங்கே நிற்கின்றன என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எதிராளி “சரி” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வெளிச்சம் வந்ததும் ஒத்துப் பார்ப்போம். இதில் இவரை அடிக்க ஆளே கிடையாது, மேசை மொத்தமும் மனசுக்குள் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுலைமான் பாய் அடித்து முடித்து இவர் முறை வந்தது. இவர் குனிந்தார், கரண்ட் போயிற்று. இருட்டுக்குள் இவர் குரல் நிதானமாகச் சொல்லியது: “வெள்ளை நடுக்குழிக்கு ஒரு சாண் தள்ளி. பச்சை அந்தக் கோடியில. கறுப்பு ஓர ரப்பரை ஒட்டி.” சுலைமான் பாய் “சரி” சொல்லவில்லை. ஏதோ வாயைத் திறந்தார், அதற்குள் கரண்டே திரும்பி வந்துவிட்டது. தெரு முழுக்க வழக்கம்போல, “மீ லா பீ!” என்று கூச்சல். விளக்கு வந்துவிட்டது என்று பர்மாக்காரர்கள் போடுகிற சந்தோஷக் கூச்சல் அது. நாங்களும் சேர்ந்து கத்தினோம். மேசையைப் பார்த்தால் எல்லாப் பந்தும் அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. ஆனால் இவருக்கு இடப்பக்கம், மூலைக்குழி வாயில், ஒரு மஞ்சள் பந்தும் இருந்தது. பாய் முந்தின அடியில் தட்டிவிட்டு மெதுவாக உருண்டு போய் நின்ற பந்து. “என்ன தங்கவேலு, மஞ்சளை விட்டுட்டியே!” என்று பாய் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. இவர் மேசையை இப்படியும் அப்படியும் பார்த்தார். அப்புறம் எங்கள் முகங்களைப் பார்த்துக் கேட்டார்: “எந்த மஞ்சள்?”

எல்லோரும் சொல்வதுதான்

கண் டாக்டர் சின்ன வயசுப் பெண், பர்மியப் பெண். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து நேராகப் பார்க்கச் சொல்லி, எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார். இவர் கையில் பொத்தானை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஐயோ, அழுத்துங்களேன், அழுத்துங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே நின்றேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டு வருகிற வியாதியாம். வலிக்காதாம். இடது கண் ஏறக்குறைய போய்விட்டது. வலது கண்ணும் மூக்கை ஒட்டின பக்கத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். இமைக்குற்றம் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். எங்கள் கடையிலோ கண் போனதே பத்து ஜோடிக் கண்ணுக்குத் தெரியவில்லை. நாங்கள் கை தட்டின ஆட்டமெல்லாம் என்ன என்று அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தூரம் தெரியாதவர் கிட்டத்தில் நிறுத்தினார். இடப்பக்கம் தெரியாதவர் வலப்பக்கம் நிறுத்தினார். அவருக்கே அது தெரியாது, கை தானாகப் பழகிக்கொண்டது.

“இவ்வளவு முத்திப்போற வரைக்கும் ஏன் வரலை?” என்று டாக்டர் கேட்டார். பல்பு மாற்றியதை, விளக்கை இறக்கிக் கட்டியதை, ஸ்டெபிலைசரை, ஊ தெய்னோடு போட்ட சண்டையை எல்லாம் சொன்னேன். வோல்டேஜ் குறைச்சல் என்று நினைத்தோம் என்றேன். சிரிப்பாரோ, திட்டுவாரோ என்று பயந்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “இந்த ஊர்ல இங்க வர்ற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, அமா.”

ஐஸ் பெட்டியில் ஒரு குப்பி

அந்த மருந்துக் குப்பியைக் குளிரில் வைக்க வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் குளிருக்கு எங்கே போவது? குளிர்பானம் வைக்கிற ஐஸ் பெட்டியில், ஒரு டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். ஒருநாள் ஐஸ்காரன் வரவில்லை. மிச்சம் ஒரு கைப்பிடி ஐஸ்தான். நான் புட்டிகளை எடுப்பதும் வைப்பதுமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். கோ மின் வந்து எட்டிப் பார்த்தார், விஷயம் புரிந்தது. எல்லாப் புட்டிகளையும் வெளியே எடுத்து அடுக்கிவிட்டு, இருந்த ஐஸை அந்த டப்பாவைச் சுற்றி அணைத்து வைத்தார். சூடான சோடாவை ஒரு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு அமா, தொண்டைக்கு நல்லது.”

இன்னும் வரவில்லை

இவர் கோலைத் தொடுவதை விட்டுவிட்டார். கவுண்டருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். நான் சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவார். முன்னே ஒரு வார்த்தை அதட்டிப் பேசாத மனுஷர், “என்னை என்ன கண்ணு தெரியாதவன்னு நெனச்சியா?” என்று தட்டைத் தள்ளிவிட்டார். தெரியாதுதானே, அதைச் சொல்லவும் முடியவில்லை. நான் பின்கட்டுக்குப் போய்ப் பந்து கழுவுகிற சாக்கில் அழுதுவிட்டு வருவேன்.

ஒரு சாயங்காலம் சுலைமான் பாய் வந்தார். பந்தை அடுக்கி, முதல் அடி அடித்துக் கலைத்துவிட்டு, இவர் கையில் கோலைக் கொண்டுவந்து திணித்தார். இவருக்கு இடப்பக்கம் போய் நின்றுகொண்டு, கரண்ட் போனால் சொல்வோமே, அதே ராகத்தில் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்: “வெள்ளை நடுவுல. உனக்கு இடது கை மூலையில சிவப்பு. அதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல.” இவர் கோலின் நுனியை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் குனிந்தார். அன்றையிலிருந்து அதுதான் வழக்கம், யார் எதிரே ஆடினாலும் இடப்பக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஆட்டம். ஒருநாள் புதிதாக வந்த ஒருத்தர் இதைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு லைட் எரியுது, எதுக்கு இருட்டுல நிக்கிற மாதிரி கத்துறாங்க?” என்று கேட்டார். சாக்கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த கோ மின் தலை நிமிராமல் சொன்னார்: “எங்க கடையில இன்னும் கரண்ட் வரல.”

யாருக்கு இடது?

போன தடவை டாக்டரிடம் போனபோது, வலது கண் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்றார். மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார், பார்ப்போம் என்கிறார். அந்தப் ‘பார்ப்போம்’ என்கிற வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேண்டாத சாமி இல்லை. பஸ்ஸில் வரும்போது இவர் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு, கடைப் பெயர்ப் பலகைகளை வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார். தெரிகிறவரைக்கும் படித்துவிட வேண்டும் என்பதுபோல.

கடைக்கு வந்தால் வெளியே பேய்மழை, ஒரு ஆள் இல்லை. சுலைமான் பாயும் வரவில்லை. “மல்லி, நீ சொல்லு, நான் அடிக்கிறேன்” என்றார். எனக்கா தெரியாது? தினமும் துலக்குகிற துணி, வெற்றிலைக் கறை வரைக்கும் ஒவ்வொரு இடமும் எனக்கு மனப்பாடம். துலக்கும்போது நிற்கிற இடத்திலேயே, அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு சொன்னேன்: “வெள்ளை நடுவுல. சிவப்பு இடது மூலையில, குழி வாயில நிக்குது.” அவர் வேறெங்கும் பார்க்காமல் குனிந்து, நான் சொன்னதை அப்படியே நம்பி, மெதுவாகத் தட்டினார். வெள்ளை உருண்டு உருண்டு, ஒரு பந்தும் இல்லாத வெறும் மூலைக்குழிக்குள் போய் விழுந்தது. சிவப்பு மறுகோடியில் நின்றுகொண்டிருந்தது. நான் சொன்னது என் இடதுகை! ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவளுக்கு இது தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டேன். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நான் அழுகிற பக்கம் காதைத் திருப்பினார். அப்புறம், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை என் பக்கம் நீட்டிச் சொன்னார்: “அழுவாதடி. எதிர்ல நின்னா உன் இடது எனக்கு வலது. இங்க வா மல்லி, என் பக்கத்துல வந்து நின்னு சொல்லு.”

இப்போதெல்லாம் விளக்கு பளிச்சென்று எரியும்போதும் அவருக்கு இடப்பக்கம் நின்று வெள்ளை எங்கே நிற்கிறதென்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன், இத்தனைக்கும் நடுவில், சண்டை போட்டு வாங்கினேனே அந்த ஸ்டெபிலைசர், அது மட்டும் இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது.